3.07 மீட்டர் உயர வாகனத்துக்கு ஒரு வழிகாட்டி: மோட்டார்ஹோமுக்கான ஜிபிஎஸ் கருவித் தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் கிழக்கே, பீட்டர்பரோ நகருக்கு அருகில் வசிக்கும் அறுபது வயதைக் கடந்த ஒரு தம்பதி, 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மோட்டார்ஹோம் வாங்கினார்கள். படுக்கை, அடுப்படி, கழிப்பறை ஆகியவை உள்ளேயே அமைந்த இந்த வாகனம் ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டத்தின்மீது கட்டப்பட்டது; மிதிவண்டித் தாங்கியையும் சேர்த்தால் 7.2 மீட்டர் நீளம், பக்கக் கண்ணாடிகள் நீங்கலாக 2.3 மீட்டர் அகலம், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. இந்த எடையை அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். 1997 ஜனவரி 1க்குப் பிறகு பிரிட்டனில் கார் உரிமம் பெற்றவர்கள், தனித் தேர்வு எழுதாமல் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட இத்தகைய வாகனத்தை ஓட்ட முடியாது. மனைவி அவ்வாறு பிற்பாடு உரிமம் பெற்றவர் என்பதால், இருவரும் மாறி மாறி ஓட்ட இந்த அளவே பொருந்தியது.

வாகனத்தைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் காட்டியவர்கள், வழிகாட்டிக் கருவியைப் பற்றிச் சிறிதும் யோசிக்கவில்லை. பல ஆண்டுகளாகக் காரில் இருந்த பழைய ஜிபிஎஸ் கருவியை எடுத்து மோட்டார்ஹோமின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்கள். வாகனங்களில் மின்னணுச் சாதனங்களைப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். அந்த வகையில்தான் இவர்கள் எனக்குப் பழக்கம். நடந்தவற்றை அவர்களுடைய இசைவுடன் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் சம்பவம்: 2021 செப்டம்பர்

நார்ஃபோக் கடற்கரையிலிருந்து ஒரு மாலை வேளையில் திரும்பும்போது, நெடுஞ்சாலையில் நெரிசல் இருந்ததால், கருவி அவர்களை ஃபென்ஸ் தாழ்நிலத்தின் ஊர்ச் சாலைகளுக்குள் திருப்பிவிட்டது. ஃபென்ஸ் என்பது ஒரு காலத்தில் சதுப்பாக இருந்து, நீரை வடித்து விளைநிலமாக்கப்பட்ட சமவெளி. அங்கே ரயில் பாதை தரையிலிருந்து அதிகம் உயராமலே ஓடுவதால், பாதையைக் கடக்கும் சாலைகள் சில இடங்களில் பள்ளமாக இறங்கித் தண்டவாளத்தின் அடியில் நுழைந்து வெளிவரும். அப்படிப்பட்ட பாலங்களின் கீழ் உயரம் மிகக் குறைவு. ஈலி நகரில் ஸ்டன்ட்னி சாலையின் மேலிருக்கும் ரயில் பாலத்தில் இடைவெளி 2.7 மீட்டர் மட்டுமே. வாகனங்கள் அடிக்கடி மோதியதால் நாடறிந்த பாலமாகிவிட்ட அதைத் தவிர்க்க, 2018 அக்டோபரில் ஒரு புறவழிச் சாலையே திறக்கப்பட்டது.

இத்தம்பதி எதிர்கொண்டது வேறொரு பாலம். அதன் அறிவிப்புப் பலகையில் 9 அடி என்று எழுதியிருந்தது, அதாவது ஏறத்தாழ 2.74 மீட்டர். மனைவி பலகையைக் கண்டு குரல் கொடுக்க, கணவர் பாலத்துக்குச் சுமார் 15 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தினார். கருவி அந்த நொடியிலும் நேராகச் செல்லுமாறு சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் நான்கு கார்கள் வந்து நின்றுவிட்டன. மனைவி இறங்கி ஒவ்வொரு ஓட்டுநரிடமும் சென்று பேசி, அவர்களைப் பின்னுக்கு நகர்த்தி, 7.2 மீட்டர் வாகனத்தைச் சரிவில் பின்னோக்கி ஏற்றி ஒரு பண்ணை வாசலில் திருப்புவதற்கு 25 நிமிடங்கள் ஆயின. பின்பக்க பம்பர் வாசல் கம்பத்தில் உரசிக் கீறல் விழுந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. பலகையைப் பார்க்கத் தவறியிருந்தால் கூரை கிழிந்திருக்கும். அதைவிட மேலாக, ரயில் பாதையின் பாதுகாப்புக்கே கேடு நேர்ந்திருக்கலாம்.

கவனித்தவை

அடுத்த வாரம் அந்தக் கருவியை என்னிடம் கொண்டுவந்தார்கள். அது சொன்ன இருப்பிடம் சரியாகவே இருந்தது. ஆனால் திரையில் தெரிந்த தேதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. தேதியைக் கணிப்பதற்காகச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் வார எண் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக அவ்வாறு திரும்பியது 2019 ஏப்ரல் 6ஆம் தேதி நள்ளிரவில். அதற்கேற்ப மென்பொருள் திருத்தப்படாத பழைய கருவிகள் பலவற்றில் தேதி பின்னுக்குப் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளாகத் தேதி தவறாக இருப்பதைத் தம்பதி கண்டிருந்தும், வழி சரியாகச் சொல்கிறதே என்று விட்டுவிட்டார்கள். தேதி தவறானது பாலச் சம்பவத்துக்குக் காரணம் அன்று. ஆனால் அந்தக் கருவியை எவரும் பராமரிக்கவில்லை என்பதற்கு அது கண்ணெதிரே இருந்த சான்று.

உண்மையான காரணம் எளிது. அது காருக்கான கருவி. வாகனத்தின் உயரம், அகலம், எடை ஆகியவற்றைப் பதிவு செய்ய அதில் இடமே இல்லை. கார் செல்லக்கூடிய வழியெல்லாம் அதற்கு நல்ல வழி. பெரும்பாலானோர் கைப்பேசியில் பயன்படுத்தும் கூகுள் மேப்ஸிலும் உயரத்தைக் குறிப்பிட வழியில்லை என்பதால், கைப்பேசிக்கு மாறினாலும் இதே ஆபத்து அப்படியே தொடர்ந்திருக்கும்.

அடுத்து நான் கேட்ட கேள்விக்கு இருவரிடமும் பதில் இல்லை: உங்கள் வாகனத்தின் உயரம் என்ன? விற்பனைக் கையேட்டைப் பார்த்து 2.89 மீட்டர் என்று கணவர் சொன்னார். அந்த எண் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வெற்றுக் கூரைக்கு உரியது. அதன் பிறகு கூரையில் தொலைக்காட்சிக்கான செயற்கைக்கோள் அலைவாங்கிக் கூடு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது.

அளந்த விதம்

சமதளமான சிமென்ட் தரையில், டயர்களில் உரிய காற்றழுத்தத்துடன், காலித் தண்ணீர்த் தொட்டியுடன் வாகனத்தை நிறுத்தினோம். பாரம் குறைந்தால் சஸ்பென்ஷன் சற்று உயரும் என்பதால், தொட்டி காலியாக இருக்கும்போது அளப்பதே சரி. ஏணியில் ஏறி, கூட்டின் உச்சியில் ஒரு நேரான அலுமினியச் சட்டத்தை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நின்றதும், வாகனத்துக்கு வெளியே நீண்டிருந்த சட்டத்தின் முனையிலிருந்து அளவு நாடாவைத் தரைவரை இறக்கினோம். மூன்று முறை அளந்தோம், 3.07 மீட்டர் வந்தது. கையேட்டின் எண்ணுக்கும் இதற்கும் 18 சென்டிமீட்டர் வேறுபாடு. நாடாவைக் கையில் பிடித்திருந்த கணவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பல மாதங்களாக வாகனத்தின் உண்மையான உயரத்தை அறியாமலே அவர் பாலங்களைக் கடந்து வந்திருக்கிறார்.

சாலை மேடுபள்ளங்களில் வாகனம் துள்ளுவதையும், புதிதாகத் தார் போடும்போது சாலை உயர்வதையும் கருதி, கருவியில் 3.15 மீட்டர் என்று பதிவது என முடிவு செய்தோம். அதே எண்ணை, மீட்டரிலும் 10 அடி 4 அங்குலம் என்றும், ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஓட்டுநரின் எதிரே ஒட்டினோம். பிரிட்டனின் புதிய உயரப் பலகைகளில் இரண்டு அளவும் இருக்கும். பழைய பலகைகள் சிலவற்றில் அடியும் அங்குலமும் மட்டுமே உண்டு. பலகை கண்ணில்படும் நேரத்தில் மனக்கணக்குப் போடுவதற்கு அவகாசம் இராது.

எடையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பயணத்துக்கு ஆயத்தமான நிலையில் எடை மேடையில் நிறுத்தியபோது வாகனம் 3,460 கிலோ இருந்தது. ஆனால் வலுவற்ற பாலங்களில் வைக்கப்படும் பலகைகள் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையையே குறிக்கின்றன. அன்றைய நிஜ எடையை அல்ல. ஆகவே 3,500 என்றே பதிவு செய்தோம். அகலத்துக்கு, கண்ணாடிகளின் வெளி விளிம்பு வரை அளந்த எண்ணைத் தனியே குறித்துக்கொண்டோம்.

பரிசீலித்த கருவிகளும் முடிவும்

அண்டை வீட்டில் இருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், தம்முடைய லாரிக் கருவியைத் தருவதாக நல்லெண்ணத்துடன் சொன்னார். லாரிக்குப் பாதுகாப்பான வழி மோட்டார்ஹோமுக்கும் பாதுகாப்பானதுதானே என்ற எண்ணம் இயல்பாகவே எழும். தம்பதியும் அதை ஏற்கும் நிலையில் இருந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். பிரிட்டனில் ஊர்களுக்குள் லாரிகள் நுழையாமல் தடுக்க 7.5 டன் என்று லாரிப் படத்துடன் வைக்கப்படும் பலகைகள் சரக்கு வாகனங்களுக்கு மட்டுமே உரியவை; மோட்டார்ஹோமுக்கு அவை பொருந்தா. லாரிக் கருவி அந்தத் தடைகளையும் மதித்து, செல்லக்கூடிய ஊர்களையெல்லாம் சுற்றிக்கொண்டு போகும். நாளடைவில் ஓட்டுநர் கருவியின் சொல்லை நம்பாமல் மீறத் தொடங்குவார். அந்தப் பழக்கம் ஒருநாள் மெய்யான தடையிலும் தொடரும். என் அனுபவத்தில், தேவையற்ற எச்சரிக்கைகள் மிகுந்த கருவி, எச்சரிக்கையே செய்யாத கருவிக்கு நிகரான தீங்கு தருவது.

மீதமிருந்தவை மோட்டார்ஹோமுக்கென்றே தயாராகும் கருவிகள். கார்மின், டாம்டாம் ஆகிய நிறுவனங்கள் கேம்பர் என்ற பெயரில் இத்தகைய வரிசைகளை விற்கின்றன. வேறு சில நிறுவனங்களும் உண்டு. கடையில் திரையின் அளவையும் விலையையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, வெவ்வேறு தயாரிப்பான இரண்டு கருவிகளை இரவல் பெற்று, நாங்களே சோதிக்க முடிவு செய்தோம். எவர் தயாரிப்பு என்பதைக் குறிப்பிடாமல் அவற்றை முதல் கருவி, இரண்டாம் கருவி என்றே அழைக்கிறேன். ஒரே ஒரு சோதனையை வைத்து ஒரு தயாரிப்பாளரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

சோதனைக்கு, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் எங்களுக்கு நேரில் தெரிந்த பன்னிரண்டு தடைகளைப் பட்டியலிட்டோம். ஏழு தாழ்ந்த பாலங்கள், மூன்று அகலக் கட்டுப்பாடுகள், இரண்டு எடைக் கட்டுப்பாடுகள். ஒவ்வொரு தடைக்கும் இந்தப்புறம் ஓர் ஊரையும் அந்தப்புறம் ஓர் ஊரையும் தேர்ந்து, மேசையில் அமர்ந்தபடியே வழி கேட்டோம். முதல் கருவி பத்துத் தடைகளைத் தவிர்த்தது. இரண்டாவது ஒன்பதைத் தவிர்த்தது. தவறவிட்ட இடங்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தது எங்களுக்கு ஒரு முக்கியமான செய்தியைச் சொன்னது. கருவி எதையும் தானாகக் காண்பதில்லை. வரைபடத்தைத் தொகுத்தவர்கள் அந்தச் சாலைக்கு உயரத் தகவலைச் சேர்த்திருந்தால்தான் அதற்குத் தெரியும். சிறிய சாலைகளில் இந்தத் தகவல் விடுபட்டிருப்பது எந்தத் தயாரிப்பிலும் நேரக்கூடியதே.

பத்துக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் பொருட்படுத்தவில்லை. முடிவைத் தீர்மானித்தவை சாலையில் நடந்த இரண்டு விஷயங்கள்.

முதலாவது, வேண்டுமென்றே வழிமாறிச் சென்றது. ஒரு வட்டச் சந்திப்பில் கருவி சொன்ன பாதையை விட்டு வேறு பாதையில் திரும்பினோம். மோட்டார்ஹோம் ஓட்டுபவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் காத்திருக்கிறது. வீட்டில் நிதானமாகப் போட்ட வழி சரியாக இருக்கும், திருப்பத்தைத் தவறவிட்டு அவசரமாக மறுவழி தேடும்போதுதான் வண்டி குறுகிய சந்துக்குள் நுழைகிறது. இரண்டு கருவிகளும் மறுகணக்கில் வாகன அளவைக் கைவிடவில்லை. ஆனால் முதல் கருவி, தகவல் இல்லாத சாலைக்குள் நுழையும்போது அந்தச் சாலையின் கட்டுப்பாடுகள் தெரியவில்லை என்று திரையில் எச்சரித்தது. இரண்டாவது அமைதியாக இருந்தது.

இரண்டாவது விஷயம் தற்செயலாகத் தெரியவந்தது. இரண்டாம் கருவியின் மின்கலம் ஓர் இரவில் முழுவதும் தீர்ந்துபோய், காலையில் மீண்டும் இயக்கியபோது, அது கார் நிலைக்கு மாறியிருந்தது. திரையின் மூலையில், விரல் நகத்தைவிடச் சிறிய மோட்டார்ஹோம் படம் இருந்த இடத்தில் கார் படம் இருந்தது. வேறு எந்த அறிவிப்பும் இல்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்த மனைவிதான் அதைக் கண்டுபிடித்தார். எங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு கருவியின் கோளாறாகவும் அது இருக்கலாம். ஆனாலும் தம்பதி முதல் கருவியின் வகையையே வாங்கினார்கள். ஏழு அங்குலத் திரையுடன், ஏறத்தாழ 350 பவுண்டு.

பொருத்தியதும் பழகியதும்

கருவியை முன்கண்ணாடியில், ஓட்டுநரின் பார்வையை மறைக்காதபடி கீழ்மூலையில் பொருத்தினேன். வாகன முகப்பின் அகலம் காரணமாகக் கை எட்டாத தொலைவில் கண்ணாடி இருந்ததால், நீளமான தாங்கி ஒன்று தேவைப்பட்டது. மின்கலத்தை நம்பாமல், வண்டியின் 12 வோல்ட் இணைப்பிலிருந்து நிலையான கம்பி இழுத்தேன்.

இரவில் முன்கண்ணாடியின் உட்புறம் குளிரைத் தடுக்க வெள்ளி நிறத் திரை போடுவது அவர்கள் வழக்கம். அந்தத் திரைக்குள் இருக்கும்வரை கருவிக்குச் சமிக்ஞை சரிவரக் கிடைக்காது. செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் துல்லியமான இருப்பிடத் தகவலை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. இருப்பிடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. ஆகவே திரையை அகற்றி, ஓரிரு நிமிடங்கள் காத்திருந்து, வாகனப் படத்தைச் சரிபார்த்த பிறகே வண்டியை எடுப்பது என்று பழகிக்கொண்டார்கள்.

சேருமிடத்தைப் பதிவதிலும் பழக்கம் மாறியது. இங்கிலாந்தின் நகரங்களில் அஞ்சல் குறியீடு ஒரு தெருவையே சுட்டும். கிராமப்புறத்தில் அதே குறியீடு பல பண்ணைகளையும் சந்துகளையும் உள்ளடக்கியிருக்கும். குறியீட்டை மட்டும் கொடுத்தால், முகாம் திடலின் பின்பக்கச் சந்தில் கருவி பயணத்தை முடித்துவிடும். அதனால் திடலின் வாயிலுக்குரிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பதியத் தொடங்கினார்கள். வழித் தேர்வை, குறுகிய தொலைவு என்பதிலிருந்து குறைந்த நேரம் என்பதற்கு மாற்றியதும், பண்ணைப் பாதைகளின் வழியாகச் செல்லும் பரிந்துரைகள் வெகுவாகக் குறைந்தன.

ஸ்காட்லாந்துப் பயணம்: 2022 ஜூன்

மூன்று வாரப் பயணத்தில், கைப்பேசிச் சமிக்ஞை மணிக்கணக்கில் கிடைக்காத வடமேற்கு மலைப்பகுதியிலும், வரைபடம் கருவிக்குள்ளேயே இருந்ததால் வழி தடைப்படவில்லை. தாழ்ந்த பாலங்கள் எதிலும் சிக்கவில்லை. ஆனால் கருவியின் எல்லை ஓரிடத்தில் தெளிவாகத் தெரிந்தது.

ஆப்பிள்கிராஸ் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் கருவி சொன்ன வழி பெயலாக் நா பா கணவாய். கேலிக் மொழியில் மாடுகளின் கணவாய் என்று பொருள். 626 மீட்டர் உயரம் வரை, ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில், கொண்டையூசி வளைவுகளுடன் ஏறும் ஒற்றைத்தடச் சாலை. கணவாயின் அடிவாரத்தில் பெரிய பலகை ஒன்று நிற்கிறது: ஓட்டப் பழகுபவர்கள், மிகப் பெரிய வாகனங்கள், காரவன்கள் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள்) ஆகியோர் முதல் மைலுக்கு அப்பால் செல்வது உகந்ததன்று. கவனியுங்கள், அது தடை அன்று, அறிவுரை. உயரத்துக்கோ எடைக்கோ சட்டப்படியான கட்டுப்பாடு இல்லாததால், கருவியின் கணக்கில் அந்தச் சாலை திறந்தே இருந்தது. வளைவில் 7.2 மீட்டர் வாகனம் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட முடியாமல் நின்றால் இரு பக்கமும் போக்குவரத்து முடங்கும் என்பதை அது அறியாது.

தம்பதி அடிவாரத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, பலகையைப் படித்து, திரும்பி, ஷீல்டெய்க் கிராமத்தின் வழியாகக் கடலோரச் சாலையில் சென்றார்கள். தொலைவு இரு மடங்குக்கு மேல். அந்தச் சாலையும் பெரும்பகுதி ஒற்றைத்தடமே. ஆனால் சரிவும் வளைவும் அவ்வளவு கடுமையானவை அல்ல. கருவி சிறிது நேரம் திரும்பிச் செல்லச் சொல்லிக்கொண்டே இருந்தது. மனைவி ஷீல்டெய்க்கை இடைநிறுத்தமாகப் பதிந்ததும் அது புதிய வழியை ஏற்றுக்கொண்டது. ஃபென்ஸ் பாலத்தில் பதறியவர்கள் இங்கே நிதானமாக முடிவெடுத்ததை, இந்த நிகழ்வின் மிக நல்ல பகுதியாக நான் கருதுகிறேன்.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

மீண்டும் ஒருமுறை இதே உதவியைச் செய்ய நேர்ந்தால், சோதனைப் பட்டியலில் அறிவுரைப் பலகைகள் உள்ள சாலைகளையும் செங்குத்தான சரிவுகளையும் சேர்ப்பேன். பாலங்களை மட்டுமே எண்ணியது என் குறை. பாலங்களின் உயரம் அச்சிடப்பட்ட சாலை வரைபடப் புத்தகம் ஒன்றையும் முதல் நாளே வாங்கச் சொல்வேன். ஸ்காட்லாந்திலிருந்து திரும்பிய பிறகுதான் தம்பதி அதை வாங்கினார்கள். முந்தைய மாலையில் மனைவி அதில் வழியைப் பார்த்துக்கொள்வதும், காலையில் கருவி சொல்லும் வழி அதனுடன் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுவதும் இப்போது வழக்கமாகிவிட்டன. வரைபடப் புதுப்பிப்பு, ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய வாரத்தில், வீட்டின் வைஃபை இணைப்பில் நடக்கிறது.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் கூரையில் ஓர் ஏசி சாதனத்தைப் பொருத்தினார்கள். வேலை முடிந்த அன்றே, அதே அலுமினியச் சட்டமும் ரசமட்டமும் கொண்டு மீண்டும் அளந்தோம். உச்சி 3.17 மீட்டருக்கு உயர்ந்திருந்தது. கருவியில் 3.25 என்று மாற்றி, பழைய அட்டையைக் கிழித்து, 10 அடி 8 அங்குலம் என்று புதிய அட்டை எழுதினோம். ஓராண்டாக அவர்கள் கடந்துவந்த 10 அடி 6 அங்குலப் பாலம் ஒன்று வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அடுத்த பயணத்தில், அந்தப் பாலத்துக்கு முந்தைய சந்திப்பில், கருவி அவர்களை முதன்முறையாக இடப்புறம் திருப்பியது.